குடியரசு தினத்தில் மெஷின் ஓடினால் இரட்டைச் சம்பளம்

கேள்வி: மொரப்பூர் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம். நூறு பெண்களுக்கு மேல் இருக்கிறோம். ஜனவரி 26 அன்று ஆர்டர் அவசரம் என்று வேன் அனுப்பி வரச் சொன்னார்கள். அதற்குத் தனியாக எதுவும் தரவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் லைனில் எட்டுப் பேர் போகவில்லை. சம்பளச் சீட்டில் எல்.ஓ.பி. 3 என்று போட்டு, ஆளுக்கு மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். கேட்டால், "கவர்ன்மென்ட் லீவெல்லாம் கவர்ன்மென்ட் ஆபீசுக்குத்தான்" என்கிறார் ஹெச்.ஆர். ஆடிப் பதினெட்டுக்குக் கலெக்டர் விடுகிற லீவும் எங்களுக்குக் கிடையாதா? வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு கேட்கலாம், சார்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மொரப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் ஹெச்.ஆர். சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைத்துவிட்டார்.

தமிழக அரசு வருஷா வருஷம் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கும். அது அரசு அலுவலகங்களுக்கானது; அந்த அரசாணை தனியார் தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையும் அப்படித்தான். அரசு அலுவலகங்கள், பள்ளி, கல்லூரிகளுக்கு அது பொருந்தும். செலாவணி முறிச் சட்டத்தின்படி அது பொது விடுமுறை ஆகாது என்று அந்த அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள்.

ஆனால் உங்களுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை விட்டே ஆக வேண்டும். லீவு வேண்டாம் என்று வேலைக்குச் சேரும்போது எழுதி வாங்கியிருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது.

ஐந்து பண்டிகைகள் எவை என்பதை முதலாளி மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டுதான் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நிர்வாகம் ஒரு பட்டியல் தயாரித்து, நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறது. என்ன பட்டியல் என்றே கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் ஆடிப் பதினெட்டு என்றால் பாதிக் குடும்பம் ஒகேனக்கல்லுக்கோ தென்பெண்ணைக் கரைக்கோ போகிற நாள். அது அந்த ஐந்தில் ஒன்றாக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த ஆண்டுப் பட்டியல் போவதற்கு முன்பே, இருபது முப்பது பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

இனி ஜனவரி 26. அன்று உங்களை வேலைக்கு அழைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, அதன் நகலை ஆய்வாளருக்கும் அனுப்பிவிட்டு அழைக்கலாம். வேன் டிரைவர் வந்து வாய்மொழியாகச் சொன்னது அறிவிப்பு ஆகாது. அப்படி வேலை செய்தவருக்கு அன்றைக்கு இரண்டு மடங்கு சம்பளம் தர வேண்டும்; அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை தர வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, நிர்வாகத்துடையது அல்ல. மாதச் சம்பளத்தில் ஒரு நாள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆக இன்னொரு நாள் சம்பளமோ, ஒரு மாற்று விடுமுறையோ உங்களுக்குப் பாக்கி.

மாட்டுப் பொங்கல் விஷயத்தில் முதலில் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். அந்த ஐந்தில் மாட்டுப் பொங்கல் இருந்தால் ஒரு பைசா பிடிக்கக்கூடாது. இல்லையென்றால் வராத ஒரு நாளுக்கான சம்பளத்தை மட்டும் பிடிக்கலாம். எட்டுப் பேர் விஷயத்தில் மூன்று நாள் பிடித்தது இரண்டு வழியிலும் தவறு. ஆனால் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பேசிவைத்துக்கொண்டு, வேலை ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டமே இடம் தருகிறது. முந்தைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இது இருந்தது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. லைன் முழுக்கச் சேர்ந்து லீவு போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இந்த ஒன்பது போக, ஆண்டு விடுப்பு தனி. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தால்தான் அது கிடைத்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று கணக்கு. 280 நாள் வேலை செய்தவருக்கு 14 நாள். இந்த விடுப்புக்கு நடுவில் வரும் பண்டிகை நாளை விடுப்புக் கணக்கில் கழிக்கக்கூடாது. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். வேலையை விட்டு நின்றால் மிச்ச விடுப்புக்குப் பணம் வாங்காமல் வராதீர்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. மத்திய அரசின் புதிய தொகுப்புகள் வந்துவிட்டதால் 1958 சட்டம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மாநிலச் சட்டம், அப்படியே இருக்கிறது.

உடம்புக்கு முடியாத நாட்களுக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் தனி விடுப்பு இல்லை, புதிய தொகுப்பிலும் இல்லை. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வாங்குங்கள். பிடித்த காலத்துக்குரிய தகுதி இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: எட்டுப் பேரும் ஆளுக்கொரு மனு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எல்.ஓ.பி. 3 என்று போட்ட அந்தச் சம்பளச் சீட்டுத்தான் உங்கள் முக்கியமான சாட்சி, பத்திரம். ஜனவரி 26 அன்று பஞ்ச் வைத்ததற்கான பதிவு கிடைத்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால், விடுமுறை மறுத்தது பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், சம்பளப் பிடித்தம் பற்றித் தொழிலாளர் துறைக்கும் புகார் அனுப்புங்கள். சம்பளக் கோரிக்கைக்கு முன்பு 12 மாதமே அவகாசம் இருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.