அவர் ஏன் அப்படிச் செய்தார்?

கோலாலம்பூரிலும் அதனைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழ்வோர், நாள்தோறும் முன்பின் அறியாத எத்தனையோ பேரைக் கடந்து செல்கின்றனர். இரயிலிலிருந்து இறங்குவோருக்கு வழிவிடாமல் சிலர் முண்டியடித்து ஏறுகின்றனர். மின்படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு ஒருவர் கைப்பேசியைப் பார்க்கிறார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காணொளியின் ஒலியை உரக்க வைத்துக் கேட்கிறார். இவற்றைப் பார்ப்பவரின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இவர் ஏன் இப்படிச் செய்கிறார்?"

கேள்வி எழுந்த மறுகணமே, "மரியாதை தெரியாத மனிதர்!" என்ற விடையும் வந்துவிடுகிறது. அந்த விடை எப்போதும் சரியானதுதானா? பிறருடைய செயல்களை எவ்வாறு புரிந்துகொள்வது? எப்போது பொறுத்துப்போவது? எப்போது வாய்திறந்து பேசுவது? இவை சிந்திக்கத்தக்க கேள்விகளாகும்.

ஒரு செயல், இரண்டு பார்வை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளானின் தெங்கு கிளானா சாலை மக்கள் கூட்டத்தால் நிரம்பி வழியும். துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் பலகாரக் கடைகளும் வரிசையாக உள்ள அந்தப் பகுதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. அப்போது சிலர், முறையாக நிறுத்தப்பட்ட கார்களை மறித்து, இரண்டாவது வரிசையில் தங்கள் காரை நிறுத்திவிட்டுச் செல்வர். செல்வதற்கு முன், தங்கள் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியின் கீழ் தெரியும்படி வைப்பர். இவ்வழக்கம் மலேசிய நகரங்களில் பரவலாகக் காணப்படுகிறது.

உள்ளே மாட்டிக்கொண்ட காரின் உரிமையாளருக்கு இது பெரும் அடாவடித்தனமாகத் தெரிகிறது. 'இடத்தை மறித்ததும் அல்லாமல், நானே அழைத்துக் கூப்பிட வேண்டுமா?' என்று அவர் குமுறுகிறார். காரை நிறுத்தியவரோ, 'எண்ணை வைத்துவிட்டுத்தானே வந்தேன்? அழைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேனே!' என்று எண்ணுகிறார். முன்னவர் அவமதிப்பு எனக் கருதுவதையே பின்னவர் தாம் காட்டிய மரியாதை எனக் கருதுகிறார்.

மறுநாள் இருவரின் நிலையும் மாறக்கூடும். நேற்றுக் குமுறியவரே இன்று மருந்தகத்தின் முன் அவசரமாகக் காரை இரண்டாவது வரிசையில் நிறுத்தலாம். அப்போது அவர், 'குழந்தைக்குக் காய்ச்சல். வேறு வழியில்லை' என்று தம் சூழ்நிலையைக் காரணமாகக் கூறுவார். தாம் செய்தால் சூழ்நிலை. பிறர் செய்தால் குணம் என்று பார்ப்பது மனித இயல்பு. மற்றவரின் செயலுக்கு அவருடைய குணத்தையே பெரிதும் காரணமாக்கி, சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிடும் இப்போக்கை, லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977ஆம் ஆண்டில் ஓர் அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார்.

கே.டி.எம். கொமுட்டர் இரயிலிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பெண்களின் பாதுகாப்பைக் கருதி, 2010ஆம் ஆண்டில் அந்தச் சேவையில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் ஒதுக்கப்பட்டன. இளஞ்சிவப்பு நிற அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருந்தும், சில ஆண்கள் அப்பெட்டியில் ஏறிவிடுகின்றனர். கதவு மூடப்போகும் நேரத்தில் ஓடிவந்து கிடைத்த பெட்டியில் ஏறியவராக ஒருவர் இருக்கலாம். அறிவிப்பின் மொழி புரியாத வெளிநாட்டுத் தொழிலாளராக இன்னொருவர் இருக்கலாம். தெரிந்தே பொருட்படுத்தாமல் அமர்ந்திருப்பவராகவும் ஒருவர் இருக்கலாம். மூவரின் செயலும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றுதான், காரணங்களோ வெவ்வேறு. முதல் இருவருக்கு ஒரு சொல் போதும்; மூன்றாமவருக்கு இரயில் ஊழியரின் தலையீடு தேவைப்படும்.

மரியாதைக்கு ஒரு தேர்வு

2006ஆம் ஆண்டில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழ், உலகின் முப்பதுக்கும் மேற்பட்ட பெருநகரங்களில் மக்களின் பணிவைச் சோதித்துப் பார்த்தது. பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொள்கிறார்களா, ஒருவர் தவறவிட்ட தாள்களை எடுத்துக்கொடுக்க உதவுகிறார்களா, கடைக்காரர் பொருள் வாங்கியவருக்கு நன்றி கூறுகிறாரா ஆகிய மூன்றுமே அந்தத் தேர்வுகள். நியூயார்க் நகரம் முதலிடம் பெற்றது. கோலாலம்பூர் பட்டியலின் கடைசிப் பகுதியில் இடம்பெற்றது.

இம்முடிவை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. கீழே விழுந்த தாள்களைப் பார்த்தும் பாராதது போல் செல்வது எந்த ஊரிலும் நற்பண்பு ஆகாது. ஆயினும், மரியாதை எல்லாச் சமூகங்களிலும் ஒரே வடிவத்தில் வெளிப்படுவதில்லை என்பதையும் கருத வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் தாய் பரிமாறும் உணவுக்கு மகன் 'நன்றி' சொன்னால், அது அந்நியத்தன்மையாகவே தோன்றும். பெரியவரிடம் எதையேனும் கொடுக்கும்போது வலக்கையால் கொடுப்பது மரியாதை. மலாய்க்காரர்கள் சுட்டுவிரலை நீட்டாமல் கட்டைவிரலால் திசை காட்டுவர். உணவக ஊழியரை 'பாஸ்' என்று அழைப்பதும், வயதில் மூத்த கடைக்காரரை 'அண்ணே', 'அக்கா' என்று அழைப்பதும் மலேசியருக்குப் பழக்கமான பணிவுச் சொற்கள். கதவைப் பிடித்தாரா என்று மட்டும் பார்க்கும் தேர்வில் இவற்றுக்கு மதிப்பெண் இல்லை.

ஆகவே, ஒருவர் மரியாதையற்றவர் என்று முடிவு செய்வதற்கு முன், அவர் மரியாதையை வேறு வடிவத்தில் காட்டுகிறாரா என்று பார்ப்பது நன்று. பல இனத்தவர் கூடி வாழும் நாட்டில் இந்த நிதானம் மிகவும் தேவையானது.

மஞ்சள் பாதையும் ஒரு மோட்டார் சைக்கிளும்

இருப்பினும், எல்லாச் செயல்களையும் 'வேறு வடிவம்' என்று கூறிக் கடந்துவிட முடியுமா? இதற்கு விடை காணப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பார்க்கலாம்.

1881ஆம் ஆண்டின் தீயிலும் வெள்ளத்திலும் பெரும் சேதமடைந்த கோலாலம்பூரைச் செங்கற்களால் மீண்டும் கட்டியெழுப்பியபோது, செங்கற்சூளைகள் இருந்த இடம் இது. அதனாலேயே இப்பெயர் பெற்றது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் இங்குள்ள 'லிட்டில் இந்தியா' வளாகத்தை மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்துவைத்தனர். இவ்வட்டாரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் இயங்குகிறது. அதனால், வெள்ளைக் கைத்தடியுடன் பார்வையற்றோர் தனியாக நடந்து செல்லும் காட்சியை இங்கு அடிக்கடி காணலாம்.

அவர்களுக்கு வழிகாட்டவே நடைபாதையில் மேடான வடிவங்கள் கொண்ட மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இவ்வகை ஓட்டை 1965ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே. 1967ஆம் ஆண்டில் ஒக்காயாமா நகரில் முதன்முதலாக இது பதிக்கப்பட்டது. நீண்ட கோடுகள் 'இத்திசையில் செல்லலாம்' என்று கூறுகின்றன. வட்டப் புள்ளிகள் 'நில். முன்னே சாலையோ படியோ திருப்பமோ உள்ளது' என்று எச்சரிக்கின்றன. பார்வையற்றவர் இவற்றைத் தம் பாதத்தாலும் கைத்தடியாலும் படித்து நடக்கிறார்.

இந்தப் பாதையின்மீது ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். உணவுப் பொட்டலத்தை வாங்கிவர ஐந்து நிமிடம்தான் ஆகும். பார்வையுள்ளவர்கள் சற்று விலகி நடந்துவிடுவர். பார்வையற்றவரின் நிலை வேறு. அவருடைய கைத்தடி வண்டியின் சக்கரத்தில் மோதுகிறது. கைப்பிடி விலாவில் இடிக்கிறது. சூடான புகைக்குழாய் காலைச் சுடக்கூடும். வண்டியைச் சுற்றிப் போக வேண்டுமென்றால், பேருந்துகள் ஓடும் சாலையில் இறங்க வேண்டும். மீண்டும் ஏறும்போது பாதையின் தொடர்ச்சி எங்கே என்று தேட வேண்டும். மற்றவருக்கு இரண்டு அடி விலகுவதாக இருப்பது, அவருக்கு உயிராபத்தாகிறது.

வண்டியை நிறுத்தியவர் கொடியவரா? அவரைக் கேட்டால், அந்த மஞ்சள் ஓடு வெறும் அலங்காரம் என்று நினைத்ததாகக் கூறலாம். 'ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றன; அதனால் நானும் நிறுத்தினேன்' என்றும் கூறலாம். முதல் வண்டி நிற்பதைப் பார்த்து இரண்டாவது வண்டி வருகிறது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதை அழைக்கின்றன. எவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலேயே பாதை அடைபட்டுவிடுகிறது.

அவசரத்தின் ஆற்றல்

அவசரம் நல்லவரையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகிய உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஆராய்ந்தனர். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில் கலந்துகொண்டோர் கிறித்துவ சமயக் கல்வி பயின்ற 40 மாணவர்கள். அவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்குச் சென்று உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த நடிகர்.

நேரம் நிறைய இருந்த மாணவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினர் உதவினர். 'ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள்' என்று கூறப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினரே. பேசப்போகும் தலைப்பு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இது சிறிய ஆய்வுதான். ஆயினும், அன்பைப் பற்றிப் பேசப்போகிறவரும் அவசரத்தில் அன்பை மறக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. நிமிடங்களை எண்ணி உணவு விநியோகிக்கும் இளைஞரின் கண்ணுக்கு மஞ்சள் ஓடு தெரியாமல் போவதில் வியப்பில்லை.

புரிந்துகொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு

காரணத்தைப் புரிந்துகொண்டால் கோபம் தணியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது முன்னோர் கண்ட உண்மை. ஆனால், காரணம் புரிந்துவிட்டது என்பதற்காகச் செயல் சரியாகிவிடாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'அந்தச் செயலின் சுமை யார்மேல் விழுகிறது?' என்பதாகும்.

மின்படிக்கட்டில் வழிவிடாதவரால் ஒருவருக்கு அரை நிமிடம் தாமதமாகலாம். அதைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை. மஞ்சள் பாதையை அடைத்த வண்டியின் சுமையோ, அதைப் பார்க்கவும் முடியாத, நகர்த்தவும் முடியாத ஒருவர்மேல் விழுகிறது. தமக்கு நேர்ந்த இடையூறைப் பொறுத்துக்கொள்வதே பொறுமை. பிறர் படும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதைப் பொறுமை எனக் கூற முடியாது.

பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. "கண் தெரியவில்லையா?" என்று கேட்டால் சண்டை வளரும். "அண்ணே, இது பார்வையற்றவர்கள் நடக்கிற பாதை, வண்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்று சொன்னால், அறியாமல் நிறுத்தியவர் உடனே நகர்த்திவிடுவார். அறிந்தே நிறுத்துபவர்களைக் கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்லலாம். பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்களுக்கு வழங்கியுள்ளது. எனவே, பாதையைத் திறந்துவைப்பது இரக்கத்தினால் செய்யும் உதவி அன்று. அவர்களுக்குரிய உரிமையை மதிப்பதாகும். மோட்டார் சைக்கிள்களுக்குப் போதிய நிறுத்துமிடமும், மஞ்சள் ஓட்டின் பொருளை விளக்கும் பலகைகளும் அமைந்தால் அறியாமையும் அவசரமும் விளைவிக்கும் தவறுகள் குறையும்.

1970ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகிறது. நடைபாதையில் ஒரு வண்டியை நகர்த்துவது, அதைக் கடைப்பிடிக்கக் கிடைக்கும் எளிய வாய்ப்பாகும்.

சொற்பொருள்

முண்டியடித்தல் – பிறரைத் தள்ளிக்கொண்டு முன்னேறுதல்
அடாவடித்தனம் – முறையற்ற முரட்டுச் செயல்
குமுறுதல் – உள்ளுக்குள் கோபம் கொள்ளுதல்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் சும்மா இருத்தல்

சிந்தித்து விடையளித்திடுக

1. கார் கண்ணாடியில் கைப்பேசி எண் வைக்கப்படுவதை இருவர் எவ்வாறு வெவ்வேறாகப் பார்க்கின்றனர்?
2. மஞ்சள் ஓட்டில் உள்ள கோடுகளும் புள்ளிகளும் எவற்றை உணர்த்துகின்றன?
3. பிரின்ஸ்டன் ஆய்விலிருந்து நீ அறிந்துகொண்டது யாது?
4. 'காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, செயலை ஏற்றுக்கொள்வது வேறு' என்னும் கருத்தை உன் வட்டாரத்தில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குக.