கிரீம் ஆஃப் டார்ட்டர் இல்லாமலும் கேக் எழும்பும்

நத்தார் நெருங்கினால் எல்கடுவ தோட்டங்களிலும் கேக் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். குறிப்பில் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் பலர் அந்தக் குறிப்பையே கைவிடுகிறார்கள். அதைத் தேடி வத்துகாமத்துக்கும் மாத்தளைக்கும் அலைய வேண்டியதில்லை. அது செய்யும் வேலை தெரிந்தால் போதும், மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

நம்பிக்கை: அது பாலில் எடுக்கும் கிரீம்.
உண்மை: பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திராட்சைச் சாறு வைனாகும்போது பீப்பாயின் உட்புறத்தில் படியும் உப்பு அது. பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்பது அதன் வேதிப் பெயர். புளிப்புத் தன்மை உடையது. ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1769இல் டார்ட்டாரிக் அமிலத்தை இதிலிருந்துதான் பிரித்தெடுத்தார்.

நம்பிக்கை: வைனிலிருந்து வருவதால் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.
உண்மை: சுத்திகரித்த அந்த வெள்ளைப் பொடியில் மதுசாரம் இல்லை. கேக்கில் சேர்க்கும் அளவு பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யாது.

நம்பிக்கை: அது இல்லாமல் முட்டை வெள்ளைக்கரு நுரைத்து நிற்காது.
உண்மை: நுரை உடையாமல் காப்பது புளிப்பு. ஒரு வெள்ளைக்கருவுக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டாலும் அதே பலன் கிடைக்கும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவோ ஒட்டியிருக்கக் கூடாது. சீனிப் பாகு பூத்துப்போகாமல் இருக்க நம் பெரியவர்கள் தேசிக்காய் பிழிவதும் இதே புளிப்பின் துணையால்தான். புளிப்போடு காயும்போது சீனியில் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. அதனால் பாகு எளிதில் படிகமாவதில்லை.

நம்பிக்கை: பேக்கிங் பவுடர் இல்லையென்றால் அதே அளவு அப்பச்சோடா போடலாம்.
உண்மை: கேக்கைக் கெடுக்கும் பெரிய தவறு இது. பேக்கிங் பவுடர் என்பது அப்பச்சோடாவும் கிரீம் ஆஃப் டார்ட்டர் போன்ற புளிப்புப் பொடியும் மாப்பொருளும் சேர்ந்த கலவை. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் அப்படியொரு கலவையை உருவாக்கினார். தனி அப்பச்சோடாவுக்கு வீரியம் பல மடங்கு. புளிப்பு சேராவிட்டால் கேக்கில் சவர்க்காரச் சுவை ஏறும். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அரைக் கோப்பை புளித்த தயிரும் சேருங்கள். குறிப்பிலுள்ள பாலை அந்த அளவுக்குக் குறையுங்கள். கலந்த உடனே வாயு கிளம்பும் என்பதால், முன்கூட்டியே சூடாக்கிய அவனில் தாமதிக்காமல் வையுங்கள்.

நம்பிக்கை: புளியிலும் டார்ட்டாரிக் அமிலம் இருப்பதால் அதையே கரைத்து விடலாம்.
உண்மை: அமிலம் இருப்பது சரி. ஆனால் புளியின் நிறமும் மணமும் கேக்கில் தங்கிவிடும். ஒவ்வொரு புளியின் வீரியமும் வேறு. வெள்ளையாக வரவேண்டிய ஐசிங்குக்கு அது உதவாது.

இனிப் பெயர் தெரியாத பொருள் எதுவானாலும், குறிப்பில் அது எதற்காக நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நுரையைக் காக்கவா, பாகைக் காக்கவா, மாவை எழுப்பவா? விடையைப் பொறுத்துத் தேசிக்காயையோ தயிரையோ எடுங்கள்.