செங்கல் தந்த கூலி

கேள்வி: அரசே வீடு கட்டித் தந்தால் வீடற்றோர் துயரம் தீருமா? வேலையும் பெருகுமா?

பதில்: வியன்னா நகரம் செய்து காட்டியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, முறை வைத்துத் தூங்கியவர்கள் ஏராளம். 1923-இல் நகராட்சி வீட்டுவசதி வரி விதித்தது. மாளிகைக்காரருக்குப் பெரும் சுமை, சிறு வீட்டுக்காரருக்குப் பெயரளவுக்கு. நியாயமான வரி! 1934-க்குள் 60,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன.

அவை அமைந்த வளாகங்களில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமானது: 1,382 வீடுகள், சலவைக்கூடங்கள், குழந்தைகள் காப்பகம், நூலகம்.

வேலை? இயந்திரங்களைக் குறைத்துச் செங்கல் கட்டுமானத்தையே நகராட்சி விரும்பியது. வேலையிழந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைக்கட்டும் என்றுதான்.

அதைவிட முக்கியம், கட்டியதை விற்றுவிடவில்லை. பின்னர் கட்டியவற்றையும் சேர்த்து, இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சிக்கே சொந்தம்.