டீசல் முள் சொல்வது மெய்தானா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தையும் ஓம் விதியையும் நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவ்விரண்டும் ஒவ்வொரு கோடையிலும் நம்மூர் வாய்க்கால் கரைகளில் வேலை செய்துகொண்டிருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. ஊரார் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையை ஒட்டி 1934இல் பாசனத்துக்கு வந்தது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர் வாரி முடிக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் நாளே அணை திறக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேலைக்குக் கிடைக்கும் காலம் எத்துணைக் குறுகியது என்பது விளங்கும்.

மண்வெட்டியும் கூடையும் செய்த இவ்வேலையை இன்று பெரும்பாலும் ஹிட்டாச்சி, பொக்லைன் என்று நாம் அழைக்கும் தோண்டும் இயந்திரங்கள் செய்கின்றன. டீசல் தீர்ந்து இயந்திரம் நின்றுவிட்டால் மறுபடி ஊற்றினால் மட்டும் போதாது. குழாய்களில் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஆதலால் டீசல் அளவைக் காட்டும் முள் சரியாக இருக்க வேண்டும். முள் தவறினால் வேறொரு கேடும் உண்டு. குறைந்ததாகத் தோன்றும் டீசலுக்கு ஆபரேட்டர் பதில் சொல்ல வேண்டிவரும்.

கருவியின் அமைப்பு

தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதனுடன் பிணைந்த கை, மிதவை ஏறி இறங்கும்போது ஒரு மின்தடைப் பட்டையின் மீது நகர்கிறது. நம் ஆய்வகத்து ரியோஸ்டாட்டைச் சிறிதாக்கித் தொட்டிக்குள் இறக்கியது போன்றதே இது. மின்தடை மாறும்போது சுற்றில் ஓடும் மின்னோட்டம் மாறுகிறது. அதற்கேற்ப முள் நகர்கிறது. ஆகவே முள்ளுக்கு டீசலைப் பற்றி நேராக ஒன்றும் தெரியாது. அது அறிவது மின்தடையை மட்டுமே. இடையில் மிதவை, பட்டை, ஒயர், எர்த் ஆகியவற்றுள் எது கெட்டாலும் பழி டீசல் மீது விழுகிறது.

மின்தடை அளவுகள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். தொட்டி காலியானால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம் என்பது ஒரு வழக்கம். காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம் என்பது மற்றொரு வழக்கம். எனவே இயந்திரத்தின் கையேட்டைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது.

அறிகுறியும் காரணமும்

கணக்குக்கு எளிதாக, 400 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 10 ஓம், காலியானால் 100 ஓம், இடையில் சீரான மாற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகி முள் காலியில் விழும். ஒயரின் தோல் உரிந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டால் மின்தடை சுழியாகி முள் நிறைவில் நிற்கும். மிதவையில் ஓட்டை விழுந்து டீசல் புகுந்தால் அது மூழ்கும். எவ்வளவு ஊற்றினாலும் முள் எழாது. பட்டை ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் முள் அந்த அளவு வரும்போது மட்டும் துள்ளும். அதற்கு மேலும் கீழும் ஒழுங்காக இருக்கும்.

எர்த் இணைப்பில் துரு ஏறுவதே எளிதில் பிடிபடாத கோளாறு. துரு 30 ஓம் தடையைச் சேர்த்தது என்போம். நிறைந்த தொட்டியின் 10 ஓம் இப்போது 40 ஓம் ஆகிறது. மொத்த வீச்சு 90 ஓம். அதில் 30 ஓம் என்பது மூன்றில் ஒரு பங்கு. நிறைந்த தொட்டி மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும். பாதித் தொட்டி ஆறில் ஒரு பங்கு என்று காட்டும். இரண்டிலும் ஏறத்தாழ 133 லிட்டர் குறைகிறது. எல்லா அளவிலும் ஒரே குறைவு தோன்றுவதே இக்கோளாற்றின் அடையாளமாகும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் தாய்மாமா இயந்திரம் ஓட்டுபவர். ஒரு மழைக்குப் பின் அவர் ஓட்டிய இயந்திரத்தில் முள் இவ்வாறே தாழ்ந்து நின்றது. டீசலை விற்றுவிட்டார் என்று சொல்லி ஐந்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மெக்கானிக் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டியதும் முள் தன் இடத்துக்கு வந்தது. பிடித்த கூலி வரவில்லை. 30 ஓம் என்பது நமக்கு ஓர் எண். அவருக்கு அது ஐந்து நாள் உழைப்பு.

கரைச் சரிவு செய்யும் மாயம்

கோளாறே இல்லாமலும் முள் தவறலாம். மேற்சொன்ன தொட்டியின் நீளம் 1 மீட்டர், அகலம் அரை மீட்டர், உயரம் 80 செ.மீ. எனக் கொள்வோம். தொட்டியில் பாதி டீசல் உள்ளது. இயந்திரம் கரைச் சரிவில் நீளவாக்கில் 10 பாகை சாய்ந்து நிற்கிறது. மிதவை தொட்டியின் நடுவில் இருந்தால் பிழை இல்லை. மேட்டுப்பக்க ஓரத்தில் இருந்தால், நடுவிலிருந்து அரை மீட்டர் தூரத்துக்கு டான் 10 பாகை, அதாவது 0.176, என்ற கணக்கில் மட்டம் 8.8 செ.மீ. தாழ்ந்து தெரியும். இது உயரத்தில் 11 விழுக்காடு. ஒரு சொட்டும் குறையாமலே 44 லிட்டர் காணாமற்போனதாக முள் சொல்லும்!

சோதிக்கும் வரிசை

முதலில் இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்திச் சிறிது நேரம் விட வேண்டும். சுத்தமான அளவுகோலைத் தொட்டியில் விட்டு உண்மை மட்டத்தைக் காண வேண்டும். முள்ளும் கோலும் ஒத்துப்போனால் சோதனை அங்கேயே முடிந்தது.

ஒத்துப்போகாவிட்டால், சாவியை அணைத்து, தொட்டியில் உள்ள உணர்வியின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளக்க வேண்டும். அந்த மட்டத்துக்குக் கையேடு சொல்லும் அளவு வந்தால் உணர்வி நல்லது. குற்றம் ஒயரிலோ எர்த்திலோ மீட்டரிலோ இருக்கிறது. வராவிட்டால் உணர்வியை வெளியே எடுத்து, மிதவையைக் கையால் மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். மின்தடை சீராக மாற வேண்டும்; இடையில் தாவினால் பட்டை தேய்ந்தது.

அடுத்து ஒயர். பழைய முள் மீட்டர்களில், கழற்றிய ஒயரைத் தனியே விட்டால் முள் ஒரு கோடிக்கும், எர்த்தில் தொட்டால் மறு கோடிக்கும் போக வேண்டும். போனால் மீட்டரும் ஒயரும் நலம். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய இயந்திரங்களில் கையேடு அனுமதித்தாலன்றி இதைச் செய்யலாகாது. எர்த்துக்குத் தனிச் சோதனை உண்டு: இணைப்பை மாட்டி, சாவியைத் திருப்பி, உணர்வியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டும். இல்லையேல் வழியில் துரு இருக்கிறது.

புதிய இயந்திரங்கள் பலவற்றில் திரையில் கோளாறு எண்களும் தோன்றும். ஜே1939 என்ற முறையில் 96 என்பது டீசல் அளவைக் குறிக்கும். அதனுடன் வரும் 3 மின்னழுத்தம் மிகுந்ததையும், 4 குறைந்ததையும், 5 சுற்று அறுந்ததையும், 6 எர்த்தில் பட்டதையும் சுட்டும். இவ்வெண் சுற்றின் நிலையைச் சொல்லுமேயன்றி, எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்லாது. சில உரிமையாளர்கள் தனியே பொருத்தும் மின்தேக்கி வகை உணர்வியிலும் ஏமாற்றம் உண்டு. டீசலின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2, தண்ணீருக்கு 80. தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கினால் அக்கருவியின் கணக்கு குழம்பிவிடும்.

தொட்டியருகே பீடி, தீக்குச்சி, மின்பொறி எதுவும் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முடிவுரை

இதற்கு வேண்டியவை ஓர் அளவுகோல், ஒரு மல்டிமீட்டர், ஓம் விதி, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் ஒருவரைத் திருடர் என்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. நம்மில் பலர் உழவர், தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். இங்கே கற்ற இரண்டு விதிகளை அவர்கள் வேலை செய்யும் கரைக்கு எடுத்துச் செல்வோம். ஐயம் முதலில் கருவியின் மீது விழட்டும். மனிதன் மீது விழுவதற்கு முன் அளந்து பார்ப்போம்.