கடலூரின் கதை

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்தில் வழக்கு, வாய்தா என்றால் கடலூருக்குத்தான் போவார்களாம். அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி)

பதில்: 1993இல் விழுப்புரம் ஜில்லா பிரியும்வரை, கல்வராயன் மலைச் சாரலையுடைய உங்கள் தாலுகா தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்தமையால், ஜில்லாவின் தலைநகரான கடலூரே உங்கள் முன்னோருக்குக் கச்சேரியும் கோர்ட்டுமாயிற்று. மனிதர் மட்டுமல்ல, உங்கள் சீமையில் பிறக்கும் கெடிலமும் அங்கே சென்றுதான், மஞ்சக்குப்பத்தையும் பழைய பட்டினத்தையும் பிரித்துக்கொண்டு, சமுத்திரத்தில் சங்கமமாகிறது.

1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரையுள்ள கிராமங்களிலும் பாத்தியதை பெற்று, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டே எல்லை வகுத்தார்கள்; குண்டு உப்பலவாடி என்னும் கிராமம் அதற்கு இன்றும் சாட்சி. ஜனங்களின் சம்மதமின்றி ஒரு குண்டு அவர்களுடைய எஜமானரை நிர்ணயித்தது பெரும் அநீதி என்பதே என் அபிப்பிராயம்.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாகவே, 1752 வரை ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானம் இந்தக் கோட்டையே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றினான். கடலூர் 1866இல் நகரசபையாகி, 2021இல் மாநகராட்சியாக உயர்ந்திருக்கிறது. ஆனால் 2011இன் தானே புயலும் 2015இன் பெருவெள்ளமும் கண்ட நகரத்துக்கு, பட்டத்தைவிட வடிகால்களே அவசரத் தேவை. அங்கே போனால், கெடிலக் கரையிலுள்ள கோட்டையின் இடிபாடுகளை அவசியம் பார்த்து வாருங்கள்.