எளியோர்க்கு எட்டிய மருந்து

கணினி நிறுவனங்கள் நிறைந்த மாதாப்பூரைத் தன்னகத்தே கொண்ட ஐதராபாத் மாநகரம், மருந்தாக்கத்திற்கும் பெயர்பெற்றது. இந்நகரின் தார்நாக்கா பகுதியில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராக 1985 முதல் 1995 வரை விளங்கியவர், கரிம வேதியியல் வல்லுநர் ஏ. வி. ராமாராவ்.

எய்ட்ஸ் நோயின் கடுமையைத் தணிக்கும் ஏ.இசட்.டி. என்னும் மருந்துக்கு 1987இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலையோ ஏழை நோயாளர்க்கு எட்டாக்கனியாக இருந்தது. ராமாராவ் குழுவினர் அம்மருந்தைக் குறைந்த செலவில் உருவாக்கும் முறையைக் கண்டறிந்தனர். அம்முறையைப் பெற்ற சிப்லா நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் மருந்தை மலிவாக விற்றது.

இன்று நோய்க்கேற்ற மூலக்கூறுகளைத் தேடிக் கண்டறியக் கணினி துணைபுரிகிறது. எனினும், அவற்றைக் குடுவையில் உருவாக்கி, எளியோர் கைக்கும் எட்டச் செய்வது வேதியியலரின் கடமையாகும்.

சிந்தித்து எழுதுக: மருந்து இருந்தும் ஏழை நோயாளர் அதனைப் பெற இயலாமற்போனது ஏன்?