நடிப்பா? நோயா?

வயலுக்குக் கூப்பிட்டால் அவர் எழுந்திருப்பதில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "வேலைக்குப் பயந்து பைத்தியம் மாதிரி நடிக்கிறான்" என்று வீட்டார் ஏசுகிறார்கள்.

அப்படி நடிப்பவரும் உண்டு. ஆனால் எத்தனை நாள் நடிக்க முடியும்? யாரும் பார்க்காத இரவிலும் தூங்காமல் இருப்பாரா? பிடித்த சோற்றையும் ஒதுக்குவாரா? மருத்துவர் இவற்றைக் கேட்டு விசாரிப்பார். நோய் வந்த பலர் அதைச் சொல்லக் கூசி மறைக்கவே பார்க்கிறார்கள். அவர்களை அடிப்பதும் சூடு போடுவதும் கொடுமை.

கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களிலேயே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநோயைக் கண்டறியும் பயிற்சி தரப்பட்டது. அந்த அனுபவத்தை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் மனநோய்க்குச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லோருக்கும் உரிமை. போனில் ஆலோசனை கேட்க 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.